சமதரை

மூன்று மாதமாக எனக்குப் பற்றரி
பண்டாரவளையின் சரிவுகள்தான்.
நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒன்று,
மீன்கடைக்கு மேலே ஒன்று,
பூசை முடிந்து சனம் கலைந்தபின் மட்டும்
பாவிக்கக்கூடியதாய்க் கோவிலடியில் ஒன்று.
இறங்கும்போது முன்சக்கரத்துக்கு ஒரு கல்.
புறப்படும்போது கல்லை எடுத்துக் காலடியில் போட்டு,
உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால்
தும்மலோடு எழும்பும்.
ஐம்பத்தொரு வயது நொத்தாரிசு ஒருத்தி
முந்தானையைச் செருகிக்கொண்டு
கூரையில்லாத சிவப்புக் காரைத் தள்ளுவதை
முதல் வாரம் ஊர் நின்று பார்த்தது.
பிறகு அதற்கும் வேலை இருந்தது.

சமதரையில் நான் நிறுத்துவதில்லை.
வெலிமடைக் கட்சிக்காரர்களை
பஸ்ஸில் வரச் சொன்னேன்.
கெப்பெட்டிப்பொலையில் மெர்சலின் வளவு
உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு நடுவே
தோசைக்கல் மாதிரித் தட்டை.
"அங்க நிப்பாட்டினா எழும்பாதுக்கா" என்றேன் போனில்.
பொய்யில்லை.
அம்மாவின் மரண சாசனத்தை எழுதியது வேறு நொத்தாரிசு,
சத்தமாக வாசித்தது மட்டும்தான் நான்
என்பதும் பொய்யில்லை.

நவ்ஷாட் இருக்கைகளை முன்னே தள்ளி
கம்பளத்தைச் சுருட்டி
பலகையைத் தூக்கினான்.
முதுகுக்குப் பின்னால் இரண்டு குழி,
குழிக்கு ஒன்றாய் இரண்டு பற்றரி,
தலைக்கு ஆறு வோல்ற்.
"வெள்ளைக்காரன் ஏன் இப்படிச் செய்தான் மிஸ்?"
"அவனைக் கேள்."
கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி
மிதவையை வெளிச்சத்தில் பிடித்தான்.
"இது செத்தது. அது நல்லது,
இதோட சேந்து இருந்ததால இழுபட்டுப் போச்சு."
நான் உவமை கேட்கவில்லை
விலை கேட்டேன்.

ஆறு வோல்ற் சோடி கொழும்பிலிருந்து வரவேண்டும்.
மூன்று கிழமை. விலையைச் சொல்லும்போது
அவனே கொஞ்சம் குனிந்துகொண்டான்.
அல்லது சின்ன ஜப்பான் காருக்கு வரும்
பன்னிரண்டு வோல்ற் ஒன்று:
ஒரு குழிக்குள் அடங்கும்,
மற்றக் குழி சும்மா கிடக்கும்.
டேப்பை இழுத்து அளந்தேன்.
நீளம் சரி. உயரம் ஒரு விரல் மிச்சம்.
நேர்முனை எந்தப் பக்கம்?
கம்பி எட்டுமா?
மார்கழிப் பனியில் காலை ஆறு மணிக்கு
எத்தனை அம்பியர் உதைக்கும்?
"மூடினதாக் குடு. முதுகுக்குப் பின்னால
அமிலம் மூச்சுவிடக் கூடாது."
மலிவானதை எடுத்துத் தட்டிப் பார்த்தேன்,
பூசணிக்காய் வாங்குகிறவள் போல.
ஒட்டியிருந்த திகதி போன வருடத்துடையது.
வைத்துவிட்டேன்.
அடுத்ததன் உத்தரவாதப் பத்திரத்தை
பின்பக்கத்து எறும்பெழுத்து வரை வாசித்தேன்.
எட்டாம் பந்தியில் ஒரு ஓட்டை இருந்தது.
சொன்னேன். அவன் தேநீர் வாங்கி வந்தான்.

ஒன்றே போதும் என்று எடுத்தேன்.
வாகனத்தின் வகை என்ற இடத்தில்
'கார், பழசு' என்று எழுதினான்.
பழைய இரண்டையும் ஈயத்துக்கு எடுத்துக்கொண்டு
நாலாயிரம் கழித்தான்.
நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே விலை.

திறப்பைத் திருப்பினேன்.
உடனே பிடித்தது.
தள்ளத் தயாராய் வந்து நின்ற முச்சக்கர வண்டிக்காரன்
ஏமாந்த முகத்தோடு திரும்பிப் போனான்.
எனக்கும் ஏதோ கைவிட்டுப் போனமாதிரி.
இனி எங்கேயும் நிறுத்தலாம்.
எங்கேயும் என்றால் அங்கேயும்.

இரண்டு ஞாயிறு வேறு காரணம் கிடைத்தது.
ஒன்றுக்கு மழை. மற்றதற்கு எதுவோ.
மூன்றாம் ஞாயிறு படலை திறந்தே கிடந்தது.
பாத்தியோரமாய் உள்ளே விட்டேன்.
அணைத்தேன்.
அவ்வளவு அமைதியை அந்தக் கார்
மூன்று மாதமாகக் கேட்டதில்லை.
இறங்கி, காலடியிலிருந்த கல்லை எடுத்து
பழக்கத்தில்
முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன்.

மெர்சலின் வாசலுக்கு வந்தாள்.
கையெல்லாம் மண்.
கல்லைப் பார்த்தாள்,
நாலு பக்கமும் கிடந்த தட்டை நிலத்தைப் பார்த்தாள்.

"எங்க ஓடிரும்னு கல்லு வைக்கிற?"